கேலரி கட்டறதுக்கு முன்னாடி கலைஞர்கிட்ட பேசினாங்களா?

1956-ல நியூயார்க்ல 21 கலைஞர்கள் சேர்ந்து ஒரு கண்டனக் கடிதம் எழுதினாங்க. வில்லெம் டி கூனிங், ஃப்ரான்ஸ் க்லைன், ராபர்ட் மதர்வெல் எல்லாம் கையெழுத்து போட்டிருந்தாங்க. விஷயம் என்னன்னா, அப்ப கட்டிக்கிட்டிருந்த குகன்ஹைம் மியூசியத்துல தரை சாய்வு, சுவர் வளைவு, இந்த ரெண்டுக்கும் நடுவுல ஓவியத்த ஒழுங்கா மாட்டவே முடியாது, கொஞ்சம் யோசிங்கன்னு கேட்டாங்க. ஆர்க்கிடெக்ட் ஃப்ராங்க் லாய்ட் ரைட் அத காதுலயே போட்டுக்கல. அவரோட வாதம் வேற மாதிரி, ஓவியர் வரையும்போது கேன்வாஸ் ஈஸல் ஸ்டாண்டுல கொஞ்சம் பின்னாடி சாஞ்சுதான இருக்கு, அதே மாதிரி சாஞ்ச சுவர்ல வச்சா அதுதான் இயல்பான பார்வைன்னு சொன்னாரு. கட்டடம் 1959 அக்டோபர்ல திறந்துச்சு, ரைட் அதுக்கு ஆறு மாசம் முன்னாடியே இறந்துட்டாரு. முதல் கண்காட்சிய ஏற்பாடு பண்ண இயக்குநர் ஜேம்ஸ் ஜான்சன் ஸ்வீனி ரைட்டோட ஐடியாவ அப்படியே விட்டுட்டு சுவர வெள்ளையா அடிச்சு, சுவர்லேர்ந்து இரும்புக் கம்பி நீட்டி அது மேல ஓவியங்கள நேரா நிறுத்தினாரு. அதாவது ஓவியம் சுவர தொடவே இல்ல.

இந்தக் கதைய எல்லாரும் "யாரு ஜெயிச்சா"ன்னு பேசறாங்க. எனக்கு அது முக்கியமாப் படல. 1943-ல ரைட்டுக்கு வேலை குடுத்தாங்க, ஓவியர்களோட கடிதம் வந்தது 1956-ல, நடுவுல 13 வருஷம் ஓடியிருக்கு, அதுக்குள்ள வாழற கலைஞர் ஒருத்தர முறையா உக்கார வச்சு "உங்க ஓவியம் இங்க எப்படி நிக்கணும்"னு யாராவது கேட்டிருந்தா அந்த இரும்புக் கம்பிக்கு வேலையே இருந்திருக்காது. நான் கேலரி கட்டடங்களப் பத்தி படிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து பாக்கற முதல் விஷயம் இதுதான், கலைஞரும் ஆர்க்கிடெக்டும் எந்தக் கட்டத்துல பேச ஆரம்பிச்சாங்க? கட்டடம் அழகா இருக்கா, பேர் பெத்தவர் டிசைனா, வெளிச்சுவர்ல டைட்டேனியம் தகடு போட்டிருக்காங்களாங்கறதெல்லாம் அதுக்கப்புறம்தான்.

குகன்ஹைம் கதை அங்க முடியல. 1971-ல அங்க ஒரு சர்வதேச கண்காட்சி. டேனியல் ப்யூரன்னு ஒரு பிரெஞ்சு கலைஞர், கோடு போட்ட துணிதான் அவரோட அடையாளம், அவர் சுமார் 20 மீட்டர் உயரம் 10 மீட்டர் அகலத்துக்கு ஒரு கோடு போட்ட துணிய நடு வெற்றிடத்துல மேலேர்ந்து தொங்க விட்டாரு. எல்லாரும் சுருளா ஏறற ரேம்ப்ல சுத்தி வர்ற அந்தக் கட்டடத்துல, நடுவுல இருக்கற வெற்றிடம்தான் ராஜா, சுவர்ல இருக்கறதெல்லாம் அதுக்கு பரிவாரம்னு அவர் புரிஞ்சுக்கிட்டாரு, அதனால நேரா அங்கயே கை வச்சாரு. கூட காட்சி வச்சிருந்த டொனால்ட் ஜட், டான் ஃப்ளேவின் மாதிரி ஆளுங்க, இது எங்க படைப்ப மறைக்குது, எதிர்ப்பக்கத்துலேர்ந்து பாக்க முடியலன்னு எதிர்ப்பு சொல்ல, திறப்புக்கு முன்னாடியே துணிய எடுத்துட்டாங்க. எனக்கு ப்யூரன் மேலதான் மரியாதை. கட்டடத்தோட உண்மையான பலம் எங்க இருக்குன்னு அவர் ஒருத்தர்தான் வெளிப்படையா காட்டினாரு. 2011-ல கலைஞர் மௌரிட்ஸியோ கட்டெலான் அதே இடத்துல சுவர்ல ஒண்ணுமே மாட்டாம, அதுவரைக்கும் செஞ்ச கிட்டத்தட்ட எல்லாப் படைப்பையும் கயிறு கட்டி அந்த நடு வெற்றிடத்துல தொங்க விட்டப்ப, ப்யூரன் 40 வருஷம் முன்னாடி சொன்னத ஒரு கண்காட்சி முழுசா ஒத்துக்கிட்ட மாதிரி இருந்துச்சு.

சரி, சாய்வும் வளைவும்தான் பிரச்சினைன்னா நேரான வெள்ளை சுவர் போட்டா போதுமே, எல்லா இடத்துலயும் அதத்தான பண்றாங்கன்னு கேக்கலாம். அந்த வெள்ளை அறைக்கு "வைட் க்யூப்"னு பேர் நிலைச்சதுக்கு முக்கிய காரணம் 1976-ல பிரையன் ஓ'டோஹர்ட்டி ஆர்ட்ஃபோரம் பத்திரிகையில எழுதின தொடர் கட்டுரைகள். அதுக்கு ரொம்ப முன்னாடி, பாரிஸ்ல சலோன்ங்கற பெரிய ஓவியக் கண்காட்சி நடந்த காலத்துல, தரையிலேர்ந்து கூரை வரைக்கும் ஃப்ரேம் மேல ஃப்ரேமா அடுக்கி மாட்டுவாங்க, நல்ல உயரத்துல இடம் கிடைக்கறதே பெரிய அதிர்ஷ்டம். ஒரு ஓவியத்துக்கு சுத்தி காலி இடம் விடணுங்கறது 20-ஆம் நூற்றாண்டுல மெதுவா வந்த பழக்கம். இன்னிக்கு அது இயற்கையே அப்படித்தான்ங்கற மாதிரி ஆயிருச்சு, வெள்ளை சுவர் எந்தப் பக்கமும் சாயாது, அதுக்கு கருத்தே கிடையாதுன்னு நம்பறோம்.

ஆனா அந்த சுவர கிட்ட போய்ப் பாருங்க. ஜிப்சம் போர்டுக்குப் பின்னாடி பிளைவுட் குடுத்திருப்பாங்க, எங்க வேணா ஸ்க்ரூ போட்டு கனமான வேலைய மாட்டணும்ல. அடியில ஸ்கர்ட்டிங் (சுவரடிப் பட்டை) இருக்காது, அதுக்கு பதிலா ஒரு மெல்லிசான இடைவெளி விட்டு சுவர் தரையிலேர்ந்து மிதக்கற மாதிரி பண்ணியிருப்பாங்க. ப்ளக் பாயிண்ட் தரையில மூடி போட்டு ஒளிஞ்சிருக்கும். ஓவியத்தோட நடுப்புள்ளி தரையிலேர்ந்து சுமார் 145 லேர்ந்து 155 செ.மீ. உயரத்துல வர்ற மாதிரி மாட்டுவாங்க, அது சராசரி உயரம் உள்ள, நின்னு பாக்கற ஒரு பெரியவரோட கண் மட்டம். வீல்சேர்ல வர்றவங்களுக்கும் குழந்தைங்களுக்கும் அந்த நடுப்புள்ளி இல்ல! அப்ப "நடுநிலை"ன்னு நாம நினைக்கற சுவர், இவ்ளோ முடிவு எடுத்து, அதுல ஒரு ஆள மனசுல வச்சு செஞ்ச ஒரு பொருள். இத 1974-ல கலைஞர் மைக்கேல் ஆஷர் ரொம்ப சுலபமா காட்டிட்டாரு. லாஸ் ஏஞ்சலஸ்ல க்ளேர் காப்ளி கேலரியில காட்சி அறைக்கும் ஆபீஸுக்கும் நடுவுல இருந்த தடுப்புச் சுவர எடுத்துட்டாரு, அவ்வளவுதான் படைப்பு. உள்ள வந்தவங்களுக்கு சுத்தமான காலி வெள்ளை அறை, அதோட கோடியில மேஜை, ஃபைல், போன் பேசற கேலரிக்காரர். ஓவியம் விக்கற வேலை அந்த சுவருக்குப் பின்னாடிதான் இத்தன நாள் நடந்துக்கிட்டிருந்துச்சுங்கறது கண்ணுக்குத் தெரிஞ்சிருச்சு. கலைக்கும் கட்டடத்துக்கும் என்ன உறவுன்னு யாராவது கேட்டா நான் இந்த ஒரு வேலையத்தான் முதல்ல சொல்வேன்.

இப்ப வெளிச்சத்துக்கு வர்றேன், எனக்கு இதுலதான் ஆசை அதிகம், கொஞ்சம் நீளமா போகும்.

பிரெஞ்சு ஓவியர் மோனே கடைசி காலத்துல வரைஞ்ச பெரிய அல்லிக்குளம் ஓவியங்களுக்காகவே பாரிஸ்ல ஆரஞ்சரி கட்டடத்துக்குள்ள ரெண்டு நீள்வட்ட அறை செஞ்சாங்க. ஆர்க்கிடெக்ட் கமீய் லெஃபெவ்ர், ஆனா அறையோட வடிவம், எந்த ஓவியம் எந்தப் பக்கம், வெளிச்சம் மேலேர்ந்து எப்படி வரணும் எல்லாத்துலயும் மோனே கூடவே இருந்து முடிவு பண்ணாரு. அவர் 1926-ல இறந்தாரு, 1927-ல அறைகள் திறந்துச்சு, 8 ஓவியம், ஒவ்வொண்ணும் சுமார் 2 மீட்டர் உயரம், வளைஞ்ச சுவரோட சேந்து வளைஞ்சு போகும். கலைஞரும் ஆர்க்கிடெக்டும் முதல்லயே பேசினதுக்கு இத விட நல்ல உதாரணம் கிடையாது. அப்புறம் என்ன ஆச்சுன்னா, 1960-கள்ல வேற ஒரு கலைத்தொகுப்ப வைக்க இடம் வேணும்னு அந்த அறைகளுக்கு மேலயே ஒரு மாடி கட்டிட்டாங்க. வானத்து வெளிச்சம் போச்சு! மேகம் நகரும்போது தண்ணி நிறம் மாறணும்னு ஒரு மனுஷன் பார்வை மங்கிக்கிட்டிருந்த காலத்துல வருஷக்கணக்கா உழைச்சு வரைஞ்சது, நாப்பது வருஷம் மின்விளக்குக்கு அடியில கிடந்துச்சு. 2000-த்துல வேலை ஆரம்பிச்சு 2006-ல திறக்கும்போதுதான் அந்த மாடிய எடுத்து, அந்த வேற தொகுப்ப தரைக்கு அடியில கொண்டு போய், வெளிச்சத்த திருப்பிக் குடுத்தாங்க. இதப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோவம் வரும். ஓவியத்த யாரும் கிழிக்கல, திருடல, ஆனாலும் அதுல பாதிய எடுத்துட்டாங்கன்னுதான் நான் சொல்வேன், ஏன்னா வெளிச்சமும் அந்த ஓவியத்தோட பாதிதான்.

ராத்கோ சேப்பல்னு ஒரு பிரார்த்தனைக் கூடம், அது இன்னும் சிக்கலானது. 1964-ல ஜான், டொமினிக் டி மெனில் தம்பதி டெக்சாஸ் மாநிலத்துல ஹூஸ்டன்ல ஒரு சேப்பலுக்கு ஓவியம் வேணும்னு ஓவியர் மார்க் ராத்கோகிட்ட கேட்டாங்க, ஆர்க்கிடெக்ட் பிலிப் ஜான்சன். ரெண்டு பேருக்கும் ஒத்துப் போகல. ஜான்சன் மேல உயரமா ஒரு பிரமிட் மாதிரி எழுப்பணும்னாரு, ராத்கோ அதெல்லாம் வேண்டாம், நியூயார்க்ல என் ஸ்டூடியோவுல இருக்கற மாதிரி ஒரு ஸ்கைலைட் (கூரையில கண்ணாடித் திறப்பு) போதும்னாரு. அந்த ஸ்டூடியோவுல அவர் பாராசூட் துணி கட்டி வெளிச்சத்தக் கூட்டிக் குறைச்சு வரைஞ்சவரு. கடைசியில ஜான்சன் விலகிட்டாரு, ஹோவர்ட் பார்ன்ஸ்டோனும் யூஜின் ஆப்ரியும் ராத்கோ சொன்ன மாதிரியே எட்டுப் பக்க அறைய முடிச்சாங்க. ராத்கோ 1970-ல இறந்துட்டாரு, 1971-ல சேப்பல் திறந்துச்சு, உள்ள 14 ஓவியம். ஆனா நியூயார்க் வெயில் வேற, டெக்சாஸ் வெயில் வேற. அடர்த்தியான இருட்டு நிறத்துல இருந்த ஓவியங்க மேல வெயில் நேரா கொட்ட, ஓவியத்துக்கும் கேடு, பாக்கறவங்களுக்கும் கண் கூச்சம், ஸ்கைலைட்டுக்குக் கீழ மறைப்பு கட்ட வேண்டியதாச்சு, அந்த மறைப்பு வேற அறைய அமுக்கற மாதிரி தொங்கிக்கிட்டிருந்துச்சு. 2020-ல புது ஸ்கைலைட் போட்டு வெளிச்சத்த சுவர் பக்கமா திருப்பி விட்டதுக்கு அப்புறம்தான் சரியாச்சு. கலைஞர் சொன்னபடி கட்டினா எல்லாம் சரியாயிரும்னு நினைக்கறவங்க இதப் படிக்கணும். பேச்சுல மூணாவதா ஒருத்தர் இருந்திருக்கணும், அந்த ஊர் சூரியன்!

அந்த சூரியன்கிட்ட ஒழுங்காப் பேசின ஆர்க்கிடெக்ட் அதே மாநிலத்துல, அடுத்த வருஷமே கட்டி முடிச்ச ஒரு மியூசியம் இருக்கு. ஃபோர்ட் வொர்த்ல கிம்பெல் ஆர்ட் மியூசியம், 1972, லூயி கான். நீளமான கான்கிரீட் வளைவுக் கூரைங்க வரிசையா, ஒவ்வொண்ணோட உச்சியிலயும் நீளத்துக்கும் ஒரு பிளவு. அந்தப் பிளவுக்கு அடியில சிறகு மாதிரி வளைஞ்ச, பொடி ஓட்டை போட்ட அலுமினியத் தகடு. வெயில் உள்ள வந்து தகட்டுல பட்டு, திரும்பி கான்கிரீட் வளைவோட உள்பக்கத்துல பட்டு, அங்கேர்ந்துதான் ஓவியத்துக்கு வருது, வரும்போது அது வெயிலா இருக்கறதில்ல, கான்கிரீட்டே வெள்ளியா மினுங்கற மாதிரி ஒரு ஒளி. விளக்கு வடிவமைப்பாளர் ரிச்சர்ட் கெல்லி கானோட சேந்து அந்தத் தகட்ட உருவாக்கினாரு. இங்க ஒரு எண் சொல்லணும். வெளிச்சத்த லக்ஸ்ங்கற அலகுல அளப்பாங்க, நடுப்பகல் வெளி வெயில் 1,00,000 லக்ஸ் வரைக்கும் போகும், எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் அளவுல நிறுத்தச் சொல்றாங்க, காகிதம், துணி, நீர்வண்ணம்னா 50 லக்ஸ்தான். ஒரு தடவ பட்ட சேதத்த திரும்ப சரி பண்ண முடியாது, அது சேந்துக்கிட்டே போகும். அப்ப ஒரு லட்சத்த இருநூறுக்குக் கொண்டு வரணும், ஆனா உள்ள நிக்கறவருக்கு வெளிய மேகம் போறது தெரியணும். இதுதான் கேலரி கட்டற வேலையோட மையம்னு நான் நினைக்கறேன், வெளிய டைட்டேனியம் மின்னறது இல்ல.

சுவரே வேண்டாம்னு முடிவு பண்ணவங்களும் இருக்காங்க. பாரிஸ் பாம்பிடூ சென்டர், 1977, ரென்ஸோ பியானோவும் ரிச்சர்ட் ரோஜர்ஸும். குழாய், படிக்கட்டு எல்லாத்தையும் வெளிய தள்ளிட்டு உள்ள 48 மீட்டர் அகலத்துக்கு தூணே இல்லாத தளம், எப்படி வேணா மாத்திக்கலாம்னு. கேக்க எவ்ளோ சுதந்திரமா இருக்கு, ஆனா ஓவியம் வைக்கணும்னா முதுகு சாய ஒரு சுவர் வேணும், 1985-ல ஆர்க்கிடெக்ட் காயே ஔலென்ட்டிய கூப்பிட்டு உள்ள அறை அறையா சுவர் எழுப்ப வேண்டியதாச்சு. எப்படி வேணா மாத்திக்கலாம்ங்கறது, யார்கிட்டயும் எதையும் கேக்காம இருக்கறதுக்கு ஒரு வழியாவும் ஆயிருது.

ஆனா ஆர்க்கிடெக்ட் லீனா போ பார்டி சுவர எடுத்தது வேற ரகம். சாவோ பாலோவுல மாஸ்ப் மியூசியம், 1968. கட்டடமே நாலு தூண் மேல தூக்கி நிறுத்தினது, கீழ 74 மீட்டர் தூரத்துக்கு தெரு மாதிரி திறந்த இடம். மேல ஓவியக்கூடத்துல சுவர்ல எதுவும் இல்ல, ஒவ்வொரு ஓவியமும் கான்கிரீட் கட்டையில நட்ட ஒரு கண்ணாடிப் பலகையில நிக்கும். உள்ள நுழைஞ்சா மொத்த ஓவியமும் கூட்டமா ஆளுங்க நிக்கற மாதிரி உங்களப் பாத்து நிக்கும், பேரு, வருஷம் எழுதின சீட்டு பின்பக்கம் இருக்கும். அதாவது முதல்ல ஓவியத்தப் பாரு, யாரு வரைஞ்சதுங்கறது அப்புறம். காலவரிசை, நாடு, பாணி எதுவும் உங்கள இழுத்துட்டுப் போகாது, நீங்களே நடுவுல பூந்து போய்க்கலாம். ஓவியத்தோட முதுகு, பழைய மரச்சட்டம், ஒட்டின சீட்டு எல்லாம் தெரியும், அதுவும் ஒரு பொருள்தான்னு புரியும். 1996-ல இத எடுத்துட்டு சாதாரண சுவர் போட்டுட்டாங்க, 2015 கடைசியில திருப்பிக் கொண்டு வந்தாங்க. இங்க கண்ணாடியும் கட்டையும் ஃபர்னிச்சர் இல்ல, அதுதான் அந்த மியூசியத்தோட கட்டடக்கலை. பாம்பிடூ "என்ன வேணா வச்சுக்கோ"ன்னு விட்டுச்சு, லீனா "ஒரு ஓவியம் ஒரு ஆளுக்கு முன்னாடி எப்படி நிக்கணும்"ங்கற கேள்விக்கு பதில் சொன்னாங்க.

பழைய தொழிற்சாலைங்க ஏன் இவ்ளோ நல்ல கேலரியா மாறுதுங்கறது எனக்கு ரொம்ப நாள் யோசனை. பெரிய இடம், பலமான தரை, உயரமான கதவு, லாரி உள்ள வரும்ங்கறது ஒரு பக்கம். நியூயார்க் மாநிலத்துல டியா பீக்கன், 2003-ல திறந்தது, 1929-ல பிஸ்கட் கம்பெனிக்காக பெட்டி அச்சடிக்க கட்டின ஆலை. ரம்பப்பல் மாதிரி கூரை, ஸ்கைலைட் எல்லாம் வடக்கப் பாத்து. வடக்கு வெளிச்சம் நாள் முழுக்க பெருசா மாறாது, நிழல் அடிக்காது, வேலை பாக்கறவங்களுக்கு கண்ண உறுத்தாது. ஓவியர்கள் ஸ்டூடியோவுக்கு வடக்கு ஜன்னல் தேடறதும் இதே காரணத்துக்குத்தான். அதாவது ஒரு தொழிலாளியோட கண்ணுக்காக எடுத்த முடிவு, எழுபது வருஷம் கழிச்சு அப்படியே ஓவியத்துக்கு உதவுது. அந்த இடத்த மாத்தி அமைக்கற வேலையில கலைஞர் ராபர்ட் இர்வினையே சேத்துக்கிட்டாங்க, அவர் பெருசா எதையும் மாத்தலங்கறதுதான் அவரோட பெரிய வேலை.

டேட் மாடர்ன் எல்லாருக்கும் தெரிஞ்சது, சுருக்கமா சொல்லிடறேன். லண்டன்ல பழைய மின்நிலையம், ஹெர்சாக் அண்ட் டி மூரான் மாத்தி 2000-த்துல திறந்தாங்க, டர்பைன் இருந்த கூடத்த 155 மீட்டர் நீளத்துக்கு அப்படியே காலியா விட்டாங்க. அங்க நடந்ததுல எனக்கு முக்கியம் 2007-ல டோரிஸ் சால்செடோ பண்ணது. கொலம்பியாவச் சேந்த கலைஞர். கூடத்துக்குள்ள எதையும் கொண்டு வந்து வைக்கல, தரையிலயே வளைஞ்சு நெளிஞ்சு 167 மீட்டர் நீளத்துக்கு ஒரு விரிசல் போட்டாங்க. இனவெறியும் குடியேறினவங்கள ஒதுக்கி வைக்கறதும் ஐரோப்பாவோட அடித்தளத்துலயே இருக்கற பிளவுன்னு சொன்னாங்க, அத சொல்றதுக்கு அந்த மியூசியத்தோட அடித்தளத்தையே எடுத்துக்கிட்டாங்க. கண்காட்சி முடிஞ்சதும் விரிசல அடைச்சாங்க, ஆனா தழும்பு தரையில இன்னும் தெரியுது.

ஆரம்பத்துலயே பேசினவங்க என்ன செஞ்சாங்கன்னும் பாக்கணும்ல. ஜப்பான்ல கானசவா 21-ஆம் நூற்றாண்டு மியூசியம், 2004, சானாங்கற ஆர்க்கிடெக்ட் குழுவோட டிசைன், 112.5 மீட்டர் விட்டத்துல ஒரு கண்ணாடி வட்டம், முன்பக்கம் பின்பக்கம்னு ஒண்ணு கிடையாது, உள்ள வேற வேற அளவுல, உயரத்துல கேலரிங்க தனித்தனிப் பெட்டியா. லியாண்ட்ரோ எர்லிச்சோட நீச்சல்குளம் அங்கதான் இருக்கு, மேலேர்ந்து பாத்தா குளம், ஆனா உண்மையில கண்ணாடி மேல கொஞ்சூண்டு தண்ணி, அதுக்குக் கீழ ஆளுங்க நனையாம நடக்கறாங்க. அங்க அது கட்டடத்தோடவே சேந்து நிரந்தரமா நிக்கற படைப்பு. தெஷிமா தீவுல 2010-ல ஆர்க்கிடெக்ட் ர்யூ நிஷிசாவாவும் கலைஞர் ரெய் நைட்டோவும் சேந்து பண்ணதுல இன்னும் ஒரு படி மேல, மண்ண மேடா குவிச்சு அது மேல கான்கிரீட் ஊத்தி, இறுகினதும் உள்ள இருந்த மண்ண தோண்டி எடுத்தாங்க. 25 செ.மீ. கனத்துல தூணே இல்லாத ஒரு ஓடு, ரெண்டு பெரிய திறப்பு, தரையிலேர்ந்து துளித்துளியா தண்ணி ஊறி வந்து நகருது. எது கட்டடம் எது படைப்புன்னு அங்க பிரிக்கவே வழியில்ல.

எல்லா இடத்துக்கும் தெஷிமா மாதிரி பண்ண முடியாது, பண்ணவும் வேண்டாம், சின்ன கேலரி வாடகை இடத்துல நடக்குது, அடுத்த மாசம் வேற ஒருத்தர் காட்சி. ஆனா பேசறதுக்கு காசு ஆகாது. குறிப்பா சத்தம் விஷயத்துல. இப்ப காட்டறதுல நிறைய வீடியோ, ஒலி, நிகழ்த்துகலை, ஆனா அறை இன்னும் ஓவியத்துக்கு கட்டின அறைதான், பாலிஷ் போட்ட கான்கிரீட் தரை, மொட்டை சுவர், உயரக் கூரை, ஒரு மூலையில ஒருத்தர் மெதுவா பேசற வீடியோ ஓடினா அது நாலு சுவர்லயும் பட்டு கஞ்சி மாதிரி குழம்பி காதுல விழுது, பக்கத்து அறை ட்ரம்ஸ் வேற சேந்துக்கும். கறுப்புத் திரை ஒண்ணு தொங்க விட்டா சத்தம் நிக்காது, வெளிச்சம்தான் நிக்கும். கூரையில ஒலி உறிஞ்சற பலகை போடறது, ரெண்டு அறைக்கும் நடுவுல நேர் வாசல் இல்லாம ஒரு திருப்பம் வைக்கறது, முக்கியமா நாப்பது நிமிஷ வீடியோவுக்கு முதுகு சாய ஒரு பெஞ்ச் போடறது, இதெல்லாம் பிளைவுட் அடிக்கறதுக்கு முன்னாடி அந்தக் கலைஞர ஒரு தடவ அறைக்குள்ள நிக்க வச்சுக் கேட்டாலே தெரிஞ்சிரும். ப்ளக் பாயிண்ட் எங்க வேணும்னும் அப்பவே கேட்டுரலாம்.